அம்மா துடைத்த மாம்பழம்

"படம் வந்துச்சுப்பா. மேல ஒரே தூசி. ஈரத்துணியால நல்லா துடைச்சிட்டேன்."

காரைக்காலிலிருந்து அம்மா இதைச் சொன்னபோது நான் பாரிஸ் மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தேன். வாய்விட்டு "ஐயோ" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண்மணி கைப்பையை இறுக்கிக்கொண்டார்.

வியாழன் சாயங்காலம் ஆனால் குத்துவிளக்கு, சாமி படம், தாத்தா படம், டிவி என்று அம்மா வரிசையாகத் துடைப்பார். அந்த வரிசையில் என் மாம்பழமும் மாட்டிக்கொண்டது. மூன்று வாரம் பாஸ்டல் குச்சியால் வரைந்தது. கண்ணாடி போட்டு அனுப்பத் தபால் செலவு கூடும் என்று மேலே வெண்ணெய்த்தாள் மட்டும் வைத்த கஞ்சத்தனம் என்னுடையது.

பாஸ்டல் காயாது. வண்ணப்பொடி, சுண்ணாம்பு மாவு, பேருக்குக் கொஞ்சம் கோந்து, அவ்வளவுதான் ஒரு குச்சி. தேய்த்தால் தாளின் சொரசொரப்பில் பொடி தொற்றிக்கொண்டு நிற்கும். "கோலமாவு மாதிரிம்மா" என்றேன். "கோலத்தை யாராவது தபால்ல அனுப்புவாங்களா?" என்றார். என்னிடம் பதிலில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்தது ஓர்சே மியூசியத்தில். மாதத்தின் முதல் ஞாயிறு நுழைவு இலவசம். குளிருக்கு ஒதுங்கத்தான் போனேன். வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்று பாஸ்டல் அறையில் விளக்கை மங்க வைத்திருந்தார்கள், கர்ப்பக்கிரகம் மாதிரி. பிரெஞ்சு ஓவியர் டெகா 1876 வாக்கில் வரைந்த நடனக்காரி ஒருத்தி. கீழிருந்து விளக்கு முகத்தில் அடிக்கிறது. பாவாடை வெறும் பொடிதான், ஊதினால் பறந்துவிடும் போலிருந்தது. காவலர் வந்து "மிஸ்யூ, கொஞ்சம் தள்ளி" என்னும் வரை நகரவில்லை.

டெகாவுக்குப் பாஸ்டல் செய்து கொடுத்த கடையின் வழிவந்தது ராம்புத்தோ தெருவில் இன்னும் இருக்கிறது. 1720-லிருந்து வரும் தொழில். கையால் உருட்டிய குச்சிகள், ஆயிரத்துக்கும் மேல் நிறங்கள். மஞ்சளிலேயே அத்தனை மஞ்சள்! ஒரு குச்சியின் விலைக்கு, தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில் வயிறாரச் சாப்பிடலாம். கணக்குப் போட்டு, பெருமூச்சு விட்டு, ஒன்றே ஒன்று வாங்கினேன்.

பதினோரு வருடத்தில் இந்த ஊர் பழகிவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டுவது, படியில் பார்ப்பவருக்கெல்லாம் போன்ஷூர் சொல்வது, எல்லாம் பழகிவிட்டது. ஆனால் அந்த மஞ்சளைத் தாளில் இழுத்ததும் ஆனி மாதம் வந்துவிட்டது. எங்கள் ஊர் மாங்கனித் திருவிழா, பிச்சாண்டவர் வீதியுலா, மாடிகளிலிருந்து மாம்பழமாக வந்து விழுகிறது. எட்டு வயதில் ஒரு பழம் நேராக என் மூக்கில் விழுந்து ரத்தம் கொட்டியது. அம்மா முந்தானையால் முதலில் பழத்தைத் துடைத்தார், அப்புறம்தான் மூக்கை. பிரசாதமாயிற்றே.

காரைக்கால் அம்மையாரின் கணவர் பரமதத்தன் கையில் வைத்ததும் மாயமான மாம்பழம் எங்கள் ஊரில் ஏற்கெனவே ஒன்று உண்டு. இப்போது இரண்டு.

நேற்று மறுபடி பேசினேன். "இன்னொண்ணு வரைஞ்சு அனுப்பேன், இந்தத் தடவை தொட மாட்டேன்" என்றார்.

"கண்ணாடி போட்டே அனுப்புறேன். நீங்க எவ்வளவு வேணா துடைங்க."

"அதை விடு. அந்தத் துணியை மூணு தடவை சோப்பு போட்டுத் துவைச்சாச்சு, மஞ்சள் போகவே மாட்டேங்குதுப்பா."