தப்பித்துப் போனவர்களையும் விடாத பாட்டு

கனடாவின் ராக் குழுவான ரஷ் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் நீல் பியர்ட்டின் டிரம்ஸ் பற்றித்தான் ஆரம்பிப்பார்கள். ஆனால் பாட்டு வரிகளையும் பெரும்பாலும் அவர்தான் எழுதினார். அவர் எழுதியதில் எனக்கு மிகவும் நெருக்கமானது 1982-ல் வந்த 'சிக்னல்ஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டு, 'சப்டிவிஷன்ஸ்'.

புறநகர்ப் பையன்களின் பாட்டு இது; மனை மனையாகப் பிரித்துக் கட்டிய புறநகர்க் குடியிருப்புகளைத்தான் அங்கே 'சப்டிவிஷன்ஸ்' என்பார்கள். குழுவின் மற்ற இருவரான கெடி லீயும் அலெக்ஸ் லைஃப்சனும் டொராண்டோவின் வடக்குப் பக்கம் வில்லோடேலில் வளர்ந்தவர்கள், பியர்ட் செயின்ட் கேதரின்ஸ் பக்கம். நகரத்து வெளிச்சத்துக்கும் ஊருக்கு வெளியே இருக்கிற இருட்டுக்கும் நடுவே வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், அதற்குள் என்ன யோசிக்க வேண்டும் என்பதுகூட முன்பே முடிவான ஒரு வாழ்க்கை. பள்ளி வராந்தா, ஷாப்பிங் மால், பேஸ்மென்ட், காரின் பின்சீட் என்று பாட்டு போகிற இடமெல்லாம் ஒரே சட்டம்தான்: கூட்டத்தோடு ஒத்துப்போ, இல்லையென்றால் உனக்கு இங்கே இடமில்லை. பதினைந்து வயதில் அந்தச் சட்டத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, சாப்பாட்டு நேரத்தில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதே போதும்.

இசையும் அதையேதான் சொல்கிறது. கிட்டார் குழு என்று பெயர் வாங்கியவர்கள் இங்கே கனமான சிந்தசைசரில் (மின்னணுக் கீபோர்டில்) தொடங்குகிறார்கள், அதுவும் ஏழு எண்ணிக்கையில். கர்நாடக சங்கீதத்தின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு கேட்டுப் பழகிய காதுக்கு உடனே பிடிபடும். மற்றவர்கள் நாலு நாலாகத் தலையாட்டிக்கொண்டே வந்து தடுமாறுவார்கள். பிறகு நாலு வருகிறது, திரும்பவும் ஏழு. எதிலும் பொருந்தாத ஒருவனைப் பற்றிய பாட்டு இப்படித்தான் நடக்க வேண்டும்.

பாட்டின் வீடியோவில் வருகிற பள்ளி டொராண்டோவின் கிழக்குப் பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கிறது. அடுத்த வருடமே இலங்கையில் 83 கலவரம், அதற்குப் பிறகு அதே ஸ்கார்பரோவில் நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு சட்டம், பள்ளியில் இன்னொரு சட்டம். இந்தப் பாட்டு அவர்களுக்கு இரண்டு மடங்கு பொருந்தும் என்று நினைக்கிறேன்.

சரி, இதுவரைக்கும் மற்ற ராக் பாட்டுகளும் சொல்லும். ஆனால் அவற்றில் பல, ஊரைவிட்டு ஓடினால் விடுதலை என்று முடித்துவிடும். முப்பது வயதை நெருங்கும்போது இதை எழுதிய பியர்ட் அப்படி ஏமாற்றவில்லை. கடைசிப் பத்தியில், விளக்கைத் தேடிப் போகும் விட்டிலாக நகரத்துக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்கிறார். சிலர் கனவை விற்றுவிடுகிறார்கள், சிலர் ஓட்டத்தில் தோற்கிறார்கள், அப்புறம் எந்தத் தெருவிலிருந்து ஓடி வந்தார்களோ அதையே நினைத்து ஏங்குகிறார்கள். அந்தத் தெருவை அவர் மன்னிக்கவும் இல்லை, அந்த ஏக்கத்தைக் குறை சொல்லவும் இல்லை. இவ்வளவு நேர்மையாக இந்த விஷயத்தை எழுதிய இன்னொரு பாட்டு எனக்குத் தெரியாது.

கேட்காதவர்கள் முதல் தடவை வீடியோ இல்லாமல், ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதலில் வருகிற அதே சிந்த் பகுதி பிறகு திரும்பும்போது டிரம்ஸ் என்ன செய்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.