லோகோவுக்கு ஒரு ராத்திரி, பெயர் மாற ரெண்டு மாசம்

காங்கேயம் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன மரச்செக்கு இருக்கிறது. அப்பா ஆரம்பித்தது. இரண்டு செக்கு, நாலு பேர் வேலை, தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய், அவ்வளவுதான். பாட்டிலில் குலதெய்வத்தின் பெயரைப் போட்டிருந்தோம். கொங்கு நாட்டில் அந்தச் சாமி பெயரில் அரிசி ஆலை, லாரி, டெய்லர் கடை என்று எல்லாம் இருப்பதால் யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம். கேட்டார்கள். வேறு மாவட்டத்து மசாலா கம்பெனி ஒன்று அதே பெயரை 29ஆம் வகுப்பில் டிரேட்மார்க் பதிவு செய்து வைத்திருக்கிறது (டிரேட்மார்க்கில் பொருட்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருப்பார்கள்). சமையல் எண்ணெய் வருவதும் அதே வகுப்பில்தான். வக்கீல் நோட்டீஸ் வந்தது, 15 நாளில் பெயரை எடு என்று. கெஞ்சிக் கூத்தாடி 45 நாள் வாங்கினோம்.

நோட்டீஸைப் பார்த்து அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம். அந்தப் பழைய லோகோவை எனக்குப் பிடித்ததே இல்லை. கோடிங் தெரியாவிட்டால் என்ன, இழுத்துப் போட்டால் வலைத்தளமே வந்துவிடுகிற காலம், ஒரு வாரத்தில் முடித்துக் காட்டுகிறேன் என்று தம்பியிடம் பந்தயம் கட்டினேன். தோற்றேன்.

புதுப் பெயரைத் தேடியது தனிக் கதை, அது வேண்டாம். ஒன்று மட்டும். டிரேட்மார்க் தளத்தின் பொதுத் தேடலில் எழுத்தை வைத்துத் தேடுவதோடு நிறுத்தாதீர்கள், ஒலியை வைத்துத் தேடும் வசதியும் இருக்கிறது. நாங்கள் ஆசையாகப் பிடித்த முதல் இரண்டு பெயர்களும் அதில்தான் அடிபட்டன. மூன்றாவது தப்பியது. அது என்ன என்று இங்கே சொல்லவில்லை, விளம்பரம் என்பீர்கள்.

லோகோ ஒரே ராத்திரியில் முடிந்தது. எல்லோரும் பயன்படுத்தும் ஒரு டிசைன் செயலியில் தென்னை மரம், கீழே செக்கு, சுற்றி வட்டம். வலைத்தளத்துக்கு இரண்டு சாயங்காலம் போனது, ஆர்டர் படிவத்துக்கு அரை மணி நேரம். தம்பிக்கு அனுப்பினேன், கட்டைவிரல் வந்தது. இதுவரை நன்றாகத்தான் போனது.

டிரேட்மார்க் மனு போடுகிற வக்கீல் அம்மா லோகோவைப் பார்த்து முதலில் கேட்டதே, "இந்தத் தென்னை மரம் நீங்க வரைஞ்சதா?" என்றுதான். செயலியில் இருந்தது என்றேன். சிரித்துவிட்டார். அந்த மாதிரி ரெடிமேட் படங்களை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், உங்களுக்கு மட்டும் சொந்தம் என்று பதிவு கேட்க முடியாது, செயலியின் விதிமுறைகளிலேயே இது எழுதியிருக்கும் என்றார். போய்ப் படித்தேன், எழுதித்தான் இருந்தது. கடைசியில் பெயரை வெறும் சொல்லாக மட்டும் மனுப் போட்டோம். தனிநபர் பெயரில் ஆன்லைனில் போட்டதால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். கம்பெனி பெயரில் போட்டு, சிறுதொழில் சான்றும் ஸ்டார்ட்அப் சான்றும் இல்லாவிட்டால் 9,000. லோகோவுக்கு, எங்கள் வாகை மரச் செக்கைப் ஃபோட்டோ எடுத்து அதன் மேல் கோடு போட்டு நானே வரைந்தேன். சுமாராகத்தான் இருக்கிறது, ஆனால் எங்களுடையது. இன்னொன்று, மனுப் போட்டதும் டிஎம் என்று போட்டுக்கொள்ளலாம், வட்டத்துக்குள் ஆர் போடக் கூடாது. பதிவு ஆகாமல் அதைப் போட்டால் சட்டப்படி அபராதம். அச்சுக்குப் போகிற கோப்பில் தம்பி அதைத்தான் போட்டு வைத்திருந்தான், கடைசி நிமிடத்தில் பார்த்தேன்.

அவன் தேங்காய் எண்ணெய் லேபிளில் நீளமாக முடி விரித்த ஒரு பெண்ணையும் போட்டிருந்தான். கூந்தல் எண்ணெய் என்று விற்றால் அது அழகுசாதனம், அதற்கு உரிமம் வேறு, டிரேட்மார்க்கும் 3ஆம் வகுப்பு. சின்னப் பாட்டில் தேங்காய் எண்ணெய் சமையலுக்கா தலைக்கா என்ற வரி வழக்கே 2024 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. அந்தச் சண்டையை நாம் ஏன் பாட்டிலில் ஒட்டிக்கொள்ள வேண்டும்? பெண்ணை எடுத்துவிட்டோம்.

அடுத்தது முழுக்க என் தப்பு. புது டொமைன், அதாவது வலைத்தள முகவரி, வாங்கி, வலைத்தளம் கட்டிய இடம் சொன்னபடி நேம்சர்வரை (அந்த முகவரியின் தளமும் மெயிலும் எங்கே இருக்கின்றன என்று வழிகாட்டும் சர்வர்) மாற்றினேன். அந்தச் சுறுசுறுப்பிலேயே பழைய டொமைனுக்கும் மாற்றிவிட்டேன், பழைய முகவரிக்கு வருகிறவர்கள் புதுத் தளத்துக்குப் போகட்டுமே என்று. வெள்ளிக்கிழமை ராத்திரி செய்தது. மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகள் பழைய நேம்சர்வரில் இருந்தன, அவை கூடவே வராது என்பது எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை மத்தியானம் கோயம்புத்தூர் கடைக்காரர் ஒருவர் ஃபோன் செய்து "ஆர்டர் மெயில் ரெண்டு தடவை திரும்பி வந்துடுச்சுங்க, கடையை மூடிட்டீங்களா?" என்ற பிறகுதான் விஷயம் தெரிந்தது. சரிசெய்ய இருபது நிமிடம்தான். நேம்சர்வரைத் தொடும் முன் அங்கே இருக்கிற எல்லாப் பதிவுகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், எம்எக்ஸ், டிஎக்ஸ்டி (டொமைனோடு வைக்கிற எழுத்துக் குறிப்புகள்) உட்பட. பழைய டொமைனைக் கைவிட்டும் விடாதீர்கள். எத்தனை இடத்தில் அந்த மெயில் முகவரியைக் கொடுத்திருக்கிறோம் என்பது மெயில் நின்ற பிறகுதான் தெரிகிறது.

அதே மூன்று நாளில்தான் ஜிஎஸ்டி தளத்தில் வணிகப் பெயரை மாற்ற உட்கார்ந்திருந்தேன். படிவம் எளிதுதான், கடைசியில் ஓடிபி வர வேண்டும், வரவில்லை. மெயிலைக் கொன்றது நான். மொபைலுக்கும் வருமே என்று பார்த்தால், அங்கே பதிவாகியிருந்த நம்பர் ஆடிட்டர் ஆபீஸில் முன்பு வேலை பார்த்த ஒரு தம்பியுடையது. அவர் இப்போது ஓசூரில் வேறு வேலையில் இருக்கிறார். தேடிப் பிடித்தோம், பாவம், பொறுமையாக ஓடிபி சொன்னார். உங்கள் ஜிஎஸ்டி கணக்கில் யார் நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். ஆடிட்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

பெயர் மாற்றத்துக்கு அதிகாரி ஒப்புதல் வேண்டும். 15 வேலை நாளுக்குள் அவர் எதுவும் செய்யாவிட்டால் ஏற்றதாகக் கணக்கு என்று விதி இருக்கிறது. எங்களுக்குப் பதினாலாவது நாள் கேள்வி வந்தது, புதுப் பெயரில் தொழில் நடப்பதற்கு ஆதாரம் கொடு என்று. கரண்ட் பில் அப்பா பெயரில், வங்கிக் கணக்கு பழைய பெயரில். வங்கியில் கேட்டால் புதுப் பெயரோடு ஜிஎஸ்டி சான்றிதழ் கொண்டுவாருங்கள், மாற்றித்தருகிறோம் என்கிறார்கள். நேரில் போனேன். முதல் நாள் அதிகாரி மீட்டிங்கில். இரண்டாம் நாள் எழுத்தர் ஃபைலை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "போர்டு ஃபோட்டோ இருக்காம்மா?" என்றார். பெயர் மாறாமல் போர்டு எப்படி வைப்பது என்று கேட்டதற்கு, போர்டு இல்லாமல் பெயர் எப்படி மாறும் என்றார். வாக்குவாதம் செய்யலாம் என்று வாய் வரை வந்தது, பதில் போட ஏழு வேலை நாள்தான், அதில் இரண்டு போய்விட்டது. வரும் வழியிலேயே ஃப்ளெக்ஸ் கடையில் வண்டியை நிறுத்தி, புதுப் பெயர், கீழே ஜிஎஸ்டி எண் போட்டு 350 ரூபாய்க்கு ஒன்று அடித்து, செக்கு வாசலில் கட்டி, அப்பாவை முன்னால் நிற்கவைத்து ஃபோட்டோ எடுத்து அன்று ராத்திரியே ஏற்றினேன். நாலாம் நாள் ஒப்புதல். இந்த ஒரு ஜெயிப்புக்காக அந்த ஃப்ளெக்ஸை இன்னும் கழற்றவில்லை.

லேபிளில் போனது 3,600 ரூபாய். திரையில் பார்த்த பச்சை அச்சில் குளத்துப் பாசி நிறத்தில் வந்தது, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பிடிஎஃப்பை அச்சகத்தில் அவர்கள் மென்பொருளில் திறந்தபோது தமிழ் எழுத்து உடைந்திருக்கிறது. "எண்ணெய்" என்பதில் கொம்பு ஒரு பக்கம், ணகரம் ஒரு பக்கம். வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய மாதிரியைக் கட்டைவிரல் அளவில் பார்த்து ஓகே சொன்னது நான்தான், அதனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2,000 லேபிள் குப்பை. எழுத்துகளை வடிவங்களாக மாற்றிய பிறகே கோப்பைக் கொடுங்கள், கொம்பும் ஒற்றும் வருகிற இடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், காகிதத்தில் ஒரு பிரதி கையில் வாங்காமல் ஓகே சொல்லாதீர்கள். உணவு உரிமத்தின் 14 இலக்க எண் மாறாது என்பது மட்டும் ஒரு நிம்மதி.

வாடிக்கையாளர்கள்தான் பாவம். கடையில் க்யூஆர் ஸ்கேன் செய்தால் பழைய பெயர், பாட்டிலில் புதுப் பெயர், "வேற யாருக்கோ பணம் போகுதுங்க" என்று ஒருத்தர் விடாமல் சொன்னார்கள். வங்கி மாற்றித்தர மேலும் பத்து நாள். முப்பது வருடமாக எங்களிடம் நல்லெண்ணெய் வாங்கும் ஒரு பாட்டி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "ஏனுங்க கண்ணு, கம்பெனிய வித்துப்போட்டீங்களா?" என்றார். லேபிளில் பழைய பெயரை 'முன்பு' என்றுகூடப் போடக் கூடாது என்பது மசாலா கம்பெனியோடு ஒப்பந்தம். நல்லவேளை, மூடியை மாற்றவில்லை. அந்த மஞ்சள் மூடியை வைத்துத்தான் பாதிப் பேர் எங்களை அடையாளம் கண்டுபிடித்தார்கள்.

45 நாளுக்குள் பாட்டிலும் வலைத்தளமும் மாறிவிட்டன. மற்றதெல்லாம் முடிய இரண்டு மாதம் ஆனது, முடிந்துவிட்டது என்று நேற்று வரை நினைத்தேன். சாயங்காலம் எடைத் தராசு முத்திரைச் சான்றிதழை எதற்கோ எடுத்தேன். பழைய பெயர்.