நாகர்கோவில் பஸ்ஸில் கவுன்சலிங் போன கதை

பாளையங்கோட்டை கோர்ட்டில் வக்கீல் தொழில் செய்கிறவனுக்கு எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே தெரிந்த முகம் ஒன்று இருக்கும். ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு, ஓ.பி. சீட்டு போட்டுப் பார்த்துவிடலாம். ஆனால் வரிசையில் பக்கத்தில் நிற்பது நம்மிடம் வழக்குக் கொடுத்த கட்சிக்காரரின் மச்சானாக இருந்தால்? "வக்கீலுக்கே மண்டை சரியில்லையாம்" என்று ஒருவர் சொன்னால் போதும், கேஸ் கட்டு கைமாறிவிடும்.

அப்பாவுக்கு டயாலிசிஸ் ஒரு பக்கம், சாட்சி விசாரணையில் இருந்த கொலை வழக்கு ஒன்று மறுபக்கம். தூக்கம் போய்விட்டது. நடு ராத்திரியில் இ-கோர்ட்ஸ் செயலியைத் திறந்து கோர்ட்டின் மறுநாள் வழக்குப் பட்டியலைப் பார்ப்பேன். மூடிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் மறுபடி பார்ப்பேன். ராத்திரியில் பட்டியல் மாறுமா என்ன? கட்சிக்காரர் பெயர் போனில் வந்தாலே வயிற்றைப் பிசையும். குமாஸ்தா அண்ணாச்சிதான் ஒருநாள் கேட்டார்: "என்ன சார், எல்லாத்துக்கும் வாய்தா வாங்கிட்டே இருக்கீங்க, உடம்புக்கு முடியலையா?"

முதலில் அழைத்தது 14416. டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவிச் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண் பெயர் கேட்டார். சொல்லித்தான் ஆக வேண்டுமா என்றேன். "வேண்டாம் சார், எப்படிக் கூப்பிடணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். தொழில் புத்தி விடுமா? நான் பேசுவதை யார் குறித்துக்கொள்கிறார்கள், யார் பார்ப்பார்கள் என்று குறுக்கு விசாரணையே நடத்தினேன். அவர் கோபப்படாமல் பதில் சொன்னார். தூக்கம், சாப்பாடு, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்றெல்லாம் நேராகவே கேட்டார். நேரில் ஒரு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது என்றார்.

மறுநாள் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ஐ எடுத்து உட்கார்ந்தேன். பிரிவு 23 ரகசியத்துக்கானது. விதிவிலக்குகளைத்தான் முதலில் படித்தேன், வேறெதை வக்கீல் படிப்பான்? உயிருக்கு ஆபத்து, இன்னொருவருக்குத் தீங்கு, சிகிச்சை தரும் மற்ற மருத்துவர்கள், உயர் நீதிமன்ற உத்தரவு என்று போகிறது. சீனியரோ கட்சிக்காரரோ பார் அசோசியேஷனோ அதில் இல்லை. அதைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது.

அப்படியும் உள்ளூரில் போகத் துணிச்சல் வரவில்லை. நாகர்கோவிலில் மனநலக் கவுன்சலர் ஒருவரைப் பிடித்து பஸ் ஏறினேன். வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "வக்கீலய்யா, இங்க எங்க?" பாகப்பிரிவினை வழக்கின் வாதி! சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று சொல்லிச் சமாளித்தேன். என்ன விசேஷம் என்று கேட்டிருந்தால் தடுமாறியிருப்பேன்.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகு வேறொரு முடிச்சு விழுந்தது. என் பாரமே அந்தக் கொலை வழக்குதான். ஆனால் கட்சிக்காரர் என்னிடம் சொன்னதை நான் வெளியே சொல்ல முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 126, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமில் பிரிவு 132. கவுன்சலரும் எனக்கு வெளியாள்தான். இதைச் சொன்னதும் அவர் சிரித்தார். "கேஸ்ல என்ன நடந்ததுன்னு எனக்கு வேண்டாம். அதக் கேட்டப்புறம் உங்களுக்கு என்ன ஆச்சு, அதச் சொல்லுங்க." ஆளும் ஊரும் சம்பவமும் இல்லாமலே அந்த ஒரு மணி நேரம் ஓடியது. இத்தனை வருஷத்தில் என் பக்கத்துக் கதையை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

தூக்க மாத்திரை கேட்டதற்கு, அது மனநல மருத்துவர் பார்த்துத் தர வேண்டியது என்று சொல்லி ஒருவரிடம் அனுப்பினார். கொஞ்ச காலத்துக்கு மருந்து கொடுத்தார்கள், பிறகு மெல்லக் குறைத்தார்கள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் அந்தச் செயலி கிடையாது என்பது கவுன்சலர் போட்ட கண்டிஷன்; மருந்தைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

இப்போது பஸ் வேண்டாம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு போனிலேயே பேசுகிறேன். குமாஸ்தா அண்ணாச்சி டைரியில் அந்த நேரத்துக்கு நேராக 'ஐயா பிஸி' என்று எழுதி வைக்கிறார். அதற்கு மேல் அவரும் கேட்டதில்லை.