யாளிக்குப் பல் தேய்த்துவிடும் முறை

ஜூன் 2

பாட்டி விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டாள். கடலோரத்தில் ஒரு மகரக் குட்டி, அதுதான் பழங்கதைகளில் வரும் கடல் விலங்கு, நங்கூரத்தை விழுங்கிவிட்டுத் தவிக்கிறதாம். "நான் வர நாலைஞ்சு நாள் ஆகும் கண்ணு. நம்ம வீட்டுப் பிராணிங்கள்ல எது எதுக்கு என்ன செய்யணும்னு எல்லாம் பாட்டுல இருக்கு, படிச்சுப் பாத்துக்கோங்க" என்று ஒரு சங்கப் பாடல் கட்டை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

படித்துப் பார்த்தேன். யாளி யானையின் வெண்கோட்டை, அதாவது தந்தத்தை, பிடுங்கித் தின்னும் என்று இருக்கிறது. தின்ற பிறகு பல்லிடுக்கில் சிக்கியதை யார் எடுப்பது என்று இல்லை. புலவர்கள் தூரத்தில் நின்று ஒரு வரி பாடிவிட்டு நடையைக் கட்டியிருக்கிறார்கள். அதனால் அடுத்து வருபவர்களுக்காக நானே எழுதி வைக்கிறேன்.

முதலில் சாப்பாடு. நம்மிடம் யானை கிடையாது. வைக்கோலில் யானை கட்ட வேண்டும். தந்தத்துக்கு இரண்டு பெரிய முள்ளங்கி. முள்ளங்கி இல்லாவிட்டால் யாளி அதை யானையாகவே மதிக்காது, முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தும்பிக்கை கோணலாக இருந்தால் பரவாயில்லை.

அப்புறம் பல். தென்னந்துடைப்பம் போதும், ஆனால் ஆள் வாய்க்குள் இறங்க வேண்டும். தம்பி இறங்கினான். உள்ளே ஒரு கல் உருண்டை உருண்டுகொண்டே இருக்கும், மிதித்துவிடக் கூடாது. கோயில் தூண் யாளிகளின் வாயிலும் இதே உருண்டைதான். சிற்பி அதே கல்லுக்குள்ளேயே குடைந்து செதுக்கிவிடுவதால் உருளும், ஆனால் வெளியே வராது. எங்கள் யாளியின் உருண்டையும் வராது. தம்பி இழுத்துப் பார்த்தான். யாளிக்குக் கூச்சமாகி வாயை மூடிக்கொண்டது.

நான் போட்ட கூச்சலில் தோட்டத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. யாளி வாயைத் திறந்ததும் தம்பி நிதானமாக வெளியே வந்து, "ஏன்க்கா அழுத மாதிரி இருக்கே? எனக்கு ஒண்ணுமே கேக்கலியே" என்றான்.

ஜூன் 3

குளத்தில் இருக்கிற மகன்றில் பறவை ஜோடியைப் பற்றிக் குறுந்தொகை 57-ஆம் பாட்டில் வருகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பூ வந்துவிட்டால்கூட ஒரு வருஷம் பிரிந்த மாதிரி வருந்துமாம். பாடியவர் சிறைக்குடி ஆந்தையார். அவர் காதலைச் சொல்ல வந்தவர், குளத்தைச் சுத்தம் செய்ய வந்தவர் இல்லை. குளக்கரையில் ஒரு பூமரம் நிற்கிறது. காலையிலிருந்து உதிர்த்துக்கொண்டே இருக்கிறது.

ஒரு பூ விழும். உடனே ஒப்பாரி. பூவை எடுத்துவிட்டால் இரண்டும் ஓடிவந்து கட்டிக்கொண்டு, "இளைச்சுட்டியே", "நீ மட்டும் என்ன, நரை வந்துடுச்சு" என்று விசாரிக்கும். அதற்குள் அடுத்த பூ. மத்தியானத்துக்குள் அவற்றுக்கு எப்படியும் ஒரு நூற்றாண்டு ஓடியிருக்கும். "மரத்தை வெட்டிடலாமா?" என்றான் தம்பி. மரத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அது சாதாரண மரம்தானா என்று பாட்டியிடம் கேட்க வேண்டும்.

ஜூன் 4

இன்று எழுத நேரமில்லை. இருதலைப்புள்ளுக்குச் சளி. உடம்பு ஒன்று, தலை இரண்டு. இரண்டு உடலுக்கு ஓருயிர் என்கிற நட்புக்கு இதை உவமையாகச் சொல்லியிருக்கிறார் கபிலர். கஷாயக் கிண்ணத்தை நீட்டிப் பார்த்தால் அந்த நட்பின் லட்சணம் தெரியும். இடது தலை, "வயிறு ஒண்ணுதானே, அவன் குடிக்கட்டும்" என்கிறது. வலது தலையும் அதையேதான் சொல்கிறது. தேனைக் காட்டினால் மட்டும் வயிறு இரண்டாகிவிடும்.

அன்னத்துக்குப் பால் வைக்கும் வேலை தம்பியுடையது. பாதியைத் தானே குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறான். அன்னம் பாலை மட்டும் குடித்துவிட்டு, தண்ணீரைச் சொட்டுக் குறையாமல் மீதி வைத்துப் பாட்டியின் அறை வாசலில் கிண்ணத்தை நகர்த்தி வைத்திருக்கிறது. சாட்சிக்கு.

ஜூன் 6

வானம்பாடி மூன்றாவது நாளாகக் கூரையிலிருந்து இறங்கவில்லை. அது மழைத்துளியைத் தவிர வேறெதையும் குடிக்காது. மேகத்தைப் பார்த்துப் பாடிப் பாடித் தொண்டை வறண்டு, இப்போது கீச்சென்று ஒரு சத்தம்தான் வருகிறது. தம்பி ஏணியில் ஏறிப் பூவாளியால் தெளித்துப் பார்த்தான். ஒரு துளியை வாங்கி, யோசித்து, துப்பிவிட்டது.

"மழையும் கீழே இருக்கிற தண்ணிதான். ஆவியாகி மேலே போய், குளிர்ந்து திரும்ப விழுது. நானும் மேலேயிருந்துதான் விடறேன்" என்று தம்பி அதோடு வாதாடினான். பாடம் சரியாகத்தான் சொன்னான். வானம்பாடி அவன் தலையில் எச்சமிட்டது.

ஜூன் 7, மதியம்

மேற்கே மேகம் கறுக்கிறது. வானம்பாடி கூரையில் குதிக்கிறது. ஆனால் மழை வந்தால் இடியும் வரும். எங்களிடம் அசுணம் இருக்கிறது.

அசுணத்தை இதுவரை எழுதாததற்குக் காரணம், அது ஒரு தொந்தரவும் தராது. அது விலங்கா பறவையா என்பதிலேயே பெரியவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. எங்களுடையது முயல் அளவு, அதில் பாதி காது. இனிய இசை கேட்டால் மயங்கி அருகில் வரும், கடுமையான ஓசை கேட்டால் உயிரை விட்டுவிடும். யாழ் வாசித்து வரவழைத்து, பக்கத்தில் வந்ததும் பறையை அடித்துக் கொன்ற வேடர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்களாம். அவர்களைப் பிடித்து யாளிக்குப் பல் தேய்க்க விட்டிருக்க வேண்டும்.

போர்வைக்குள் சுருட்டலாமா, பத்தாயத்துக்குள் வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். தூரத்தில் லேசாக ஓர் உறுமல். அசுணம் கட்டிலுக்கடியில் போய் நடுங்க ஆரம்பித்தது. அப்போதுதான் தம்பி, "அக்கா, யாளி வாய்க்குள்ள ஒண்ணுமே கேக்காது" என்றான்.

ஜூன் 8

நேற்று சாயங்காலத்திலிருந்து நடந்ததைச் சொல்கிறேன். உடம்பெல்லாம் இன்னும் முள்ளங்கி வாசம்.

யாளியைச் சம்மதிக்க வைப்பது எளிதாக இருந்தது. நாளைக்கு இரண்டு வைக்கோல் யானை, நான்கு தந்தம் என்றதும் வாயைத் திறந்துவிட்டது. அந்தக் கல் உருண்டைதான் சிக்கல். உருண்டால் அதுவே இடி மாதிரி அதிரும். தம்பி மிச்சமிருந்த முள்ளங்கிகளை இரண்டு பக்கமும் ஆப்பாக அடித்தான். உருண்டை அசையவில்லை.

அசுணத்தைத் தூக்க முடியாது, தொட்டால் ஓடும். செங்கோட்டியாழை எடுத்தேன். ஏழு நரம்பில் ஒன்று அறுந்திருந்தது. தம்பி நான் வாசிக்கிறேன் என்று பிடுங்கி ஒரு தட்டுத் தட்டினான். அசுணம் மூர்ச்சையாகப் பார்த்தது. திரும்ப வாங்கி, எனக்குத் தெரிந்த ஒரே தாலாட்டை வாசித்துக்கொண்டே பின்பக்கமாக நடந்தேன். முற்றம், தோட்டம், யாளியின் கீழுதடு. அசுணம் கண்ணை மூடிக்கொண்டு என் பின்னாலேயே வந்தது. நான் நாக்கில் ஏறினேன். அதுவும் ஏறியது. வானத்தில் பளிச்சென்று ஒரு மின்னல். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் கிடைக்கிற அந்த இரண்டு மூன்று நொடிக்குள் தம்பி, "மூடு!" என்று கத்திவிட்டான்.

நான் இறங்குவதாகத்தான் திட்டம்.

உள்ளே கும்மிருட்டு. இரவு முழுக்க அதே தாலாட்டு. நிறுத்தினால் அசுணம் காதால் என்னைத் தட்டும். யாளியும் தொண்டைக்குள்ளிருந்து சுருதி சேர்க்க ஆரம்பித்தது. உட்கார்ந்திருந்த எனக்கு எலும்பெல்லாம் அதிர்ந்தது, ஆனால் இனிமையாகத்தான் இருந்தது.

வெளியே தம்பி பாடு வேறு. காற்றில் பூமரம் மொத்தப் பூவையும் குளத்தில் கொட்டிவிட்டதாம். மகன்றில்கள் யுகக் கணக்கில் கதற, கொட்டும் மழையில் இவன் கூடையோடு குளத்துக்குள். இருதலைப்புள்ளின் ஒரு தலை மழை பெய்கிறது என்றும் இன்னொன்று பெய்யவில்லை என்றும் திண்ணையில் சண்டை. வானம்பாடி குடித்த குடியில் பறக்க முடியாமல் கூரையிலிருந்து உருண்டு வைக்கோலில் விழுந்து தூங்கிவிட்டது.

காலையில் பாட்டி வந்தாள். கன்னம் உப்பிய யாளி, சேற்றில் முழுகிய தம்பி.

"அக்கா எங்கடா?"

"வாய்க்குள்ள."

நானும் அசுணமும் எச்சில் சொட்டச் சொட்ட வெளியே வந்தோம். அசுணத்துக்கு ஒரு காயமும் இல்லை. பாட்டி முதலில் அதன் காதைத் துடைத்தாள், அப்புறம்தான் என்னை. இரண்டு யானை கட்டிக் கொடுத்தோம். யாளி மோந்துகூடப் பார்க்கவில்லை. யாழையே பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. "நான் போறேன்" என்று தம்பி யாழை எடுத்தான். வாய் டப்பென்று மூடிக்கொண்டது.

மகரக் குட்டியைப் பாட்டி கையோடு கூட்டி வந்துவிட்டாள். நங்கூரம் வெளியே வந்துவிட்டது, ஆனால் இரும்பு ருசி ஒட்டிக்கொண்டதாம். கிணற்று வாளியைக் காணவில்லை. குளத்தில் விடலாம் என்கிறாள் பாட்டி. விட்டால் மகன்றில்களுக்கு நடுவேதான் நீந்தும். ஒரு பூவுக்கு ஒரு வருஷம் என்றால் ஒரு மகரத்துக்கு எத்தனை என்று தம்பி சுவரில் கரியால் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.