நாலு பேரு வேணாம்

கோவில்பட்டில இருந்து எங்க அத்தை வந்திருந்தாங்க. இடுப்பெலும்பு ஒடைஞ்சதுல இருந்து வீல்சேர்தான், ஆனா வாய் மட்டும் பழைய ஸ்பீடு கொறையல. வந்து எறங்குன அன்னைக்கே கடலைமிட்டாய் பாக்கெட்ட என் கைல திணிச்சிட்டு "ஏலே, மெரினாவுல எங்க மாதிரி ஆளுக்குன்னு பாதை போட்டுருக்காவளாம்லா, டிவில பாத்தேன், கால நனைக்காம ஊருக்குப் போமாட்டேன்"னு சொல்லிட்டாங்க.

ஞாயித்துக்கெழம கெளம்பினோம். அபார்ட்மென்ட் வாசல்லயே ரெண்டு படி. வாட்ச்மேன் ஓடி வந்து "நாலு பேரு புடிச்சா தூக்கிடலாம் சார்"னாரு. அத்தை மொறைச்சாங்க பாருங்க. "நாலு பேரு தூக்குற நாளு வரும்போது சொல்லி அனுப்புதேன், இப்ப நீங்க ரெண்டு பேரு போதும்."

அவரு அதுக்கப்புறம் வாயே தொறக்கல.

ஆட்டோல மடிச்சு ஏத்தி எறக்குனா என் இடுப்பும் போயிரும்னு சைதாப்பேட்டை மெட்ரோவுக்குத் தள்ளிட்டுப் போனேன். லிஃப்ட்ல கீழ போனா பிளாட்பாரமும் ரயில் தரையும் ஒரே மட்டம், பொட்டிக்குள்ள வீல்சேருக்குன்னு எடமும் விட்டிருக்காங்க, நான் சும்மா பின்னாடி நின்னேன் அவ்ளோதான். அத்தைக்கு நம்பிக்கையே வரல. "என்னலே, ஒருத்தனும் என்னைத் தொடவே இல்ல, அதுக்குள்ள ரயிலுக்குள்ள இருக்கேன்!"

அரசினர் தோட்டத்துல எறங்கி வெளிய வந்ததும் டிபன். அந்த ஓட்டல்ல மூணு படி, பக்கத்துல சாய்தளம்னு ஒண்ணு கட்டிருந்தாங்க. ஒரு அடி ஏறணும்னா பன்னெண்டு அடி நீளம் வேணும்னு கணக்கு, இங்க மூணே அடில மேல ஏறுது, அதுல ஏத்துனா அத்தை வந்த வழியா ரிவர்ஸ்ல மவுண்ட் ரோட்டுக்குப் போய்டுவாங்க. உள்ள இருந்து சூப்பர்வைசர், கிளீனர், சாம்பார் வாளியோட ஒருத்தர், என்னையும் சேத்தா நாலு. "தூக்கிடலாம்மா..."னு ஆரம்பிச்சாங்க. அத்தை வாசல்லயே பிரேக் போட்டுட்டாங்க. அப்புறம் சர்வர் வெளிய வந்து என்னைப் பாத்து "பாட்டிக்கு என்ன சார் வேணும்?"னு கேக்க, "தம்பி, எனக்குக் காலுதான் வராது, வாய் வரும், ரெண்டு இட்லி ஒரு வடை"ன்னாங்க. தட்ட மடில வச்சு பிளாட்பாரத்துலயே சாப்பாடு.

அங்க இருந்து வாலாஜா ரோடு. நடைபாதைல பைக் ஏறிடக்கூடாதுன்னு கம்பி நட்டு வச்சிருக்காங்க, நல்ல ஐடியாதான், ஆனா பைக்காரன் ஹேண்டில ஒடிச்சு வளைச்சு பூந்து போயிடுறான், வீல்சேர் மட்டும்தான் மாட்டிக்குது. சரின்னு ரோட்டுல எறங்கி தள்ளுனேன், சேப்பாக்கம் ஸ்டேடியம் தாண்டுறதுக்குள்ள எத்தன ஹாரன்! வழில ஸ்டாப்ல புதுசா வந்த தாழ்தள பஸ் ஒண்ணு நின்னுச்சு, 2024 ஆகஸ்ட்ல விட்டாங்களே அது. படி இருக்குற பக்கம் அப்படியே லேசா சாய்ஞ்சு எறங்குது. அத்தை "யானை மண்டி போடுற மாதிரில்லா இருக்கு"ன்னு வாயப் பொளந்துட்டாங்க.

மாநிலக் கல்லூரி தாண்டி விவேகானந்தர் இல்லம் வந்ததும் மூச்சு வாங்கிச்சு, அத மறைக்க கதை சொன்னேன், இதுதான் அத்தை ஐஸ் ஹவுஸ், 1842ல கட்டுனது, அமெரிக்காவுல இருந்து கப்பல்ல ஐஸ் கட்டி வந்து எறங்கும்னு. "இந்த வெயில்ல உருகாமயா?" "மரத்தூள் போட்டு மூடி கொண்டாருவாங்களாம்." "ஐஸக் கொண்டாற அம்புட்டு மெனக்கெட்டுருக்கான், உன்னால ஒரு கெழவியத் தள்ள முடியலியே"ன்னுட்டாங்க. தேவையா எனக்கு.

ரோட்டுக்கு அந்தாண்ட நேரா அந்த மரப்பாதை. ட்ராஃபிக் போலீஸ் கை காட்டி வண்டிய நிறுத்துனதும் அத்தை ரெண்டு பக்கமும் கும்பிட்டுக்கிட்டே போனாங்க, பிரச்சாரம் மாதிரி. பாதை 263 மீட்டர், 2022 நவம்பர்ல தொறந்தாங்க, அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல கடல் வந்து கடைசிப் பகுதிய ஒடைச்சுப் போட்டுச்சு, அப்புறம் சரி பண்ணாங்க. மணல்ல நடக்குறவன்லாம் பொதக் பொதக்னு தடுமாற, அத்தை பலகை மேல கடகடன்னு போறாங்க. குறுக்க செல்ஃபி எடுத்துட்டிருந்த ஜோடிகிட்ட "ஹாரன் இல்ல தாயி, கொஞ்சம் ஒதுங்குங்க"ன்னு ஒரே அதட்டல்.

பாதை முடிஞ்சுது. தண்ணிக்கு இன்னும் கொஞ்சம் மணல் பாக்கி. ஒரு அடி எறக்கிப் பாத்தேன், முன்சக்கரம் பொதைஞ்சுது. அவ்ளோதான், இங்க இருந்தே பாத்துக்கோங்க அத்தைன்னேன். பேசவே இல்ல. அத்தை பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல.

பக்கத்துல கிரிக்கெட் ஆடிட்டிருந்த மூணு பசங்க வந்தாங்க. அதுல ஒருத்தன் என்னைப் பாக்கல, நேரா அத்தைகிட்டயே குனிஞ்சு "பாட்டி, தூக்கட்டுமா?"ன்னான்.

அத்தை பசங்கள எண்ணுனாங்க. அப்புறம் என்னையும் எண்ணுனாங்க. மொகம் மாறிடுச்சு.

"நாலு ஆகாது. ஏலே, அந்தச் சுண்டல்காரத் தம்பியக் கூப்புடு."

அவரு ஒரு கைல சுண்டல் தூக்குவாளிய வச்சிக்கிட்டு இன்னொரு கையால சும்மா கைப்பிடிய தொட்டுக்கிட்டே வந்தாரு. அஞ்சு பேரு. அலை வந்து அத்தை முட்டி வரைக்கும் நனைச்சுது, என் பாக்கெட்ல இருந்த ஃபோனையும்.