மோபேன் புழுவை மரத்திலேயே வளர்த்துப் பார்க்கிறேன்

போட்ஸ்வானாவின் பிரான்சிஸ்டவுனில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு முற்றத்தில் ஒரு மோபேன் மரம் நிற்கிறது. இந்த மழைக்கு அதிலேயே மோபேன் புழுவை (கோனிம்பிரேசியா பெலினா என்ற அந்துப்பூச்சியின் புழு) வளர்க்கிறேன். ஊரில் பானே என்பார்கள். இந்நாட்டுப் பணமான புலாவில், 5 புலா நாணயத்தில் இருப்பதும் இந்தப் புழுதான்.

பறித்த இலையைப் பெட்டியில் போட்டு வளர்ப்பது இதற்குச் சரிவராது என்பது என் எண்ணம். மந்தாரை இலைபோல இரண்டாகப் பிரிந்த மோபேன் இலை, கொப்பிலிருந்து எடுத்தால் வெயிலில் சீக்கிரம் சுருங்கிவிடுகிறது. அதனால் முட்டைக்கொத்து கண்ணில் பட்டதுமே அந்தக் கொப்புக்கு ‘வாயில்’ (voile) என்னும் மெல்லிய துணியில் பை தைத்து மாட்டினேன். கொசுவலை வேண்டாம். முட்டைக்குள் முட்டையிடும் பொடிக் குளவிகள் இங்கே உண்டு, அவற்றைத் தடுக்க நெருக்கமான நெசவு தேவை.

சுமார் 10 நாளில் முட்டை பொரியும். தோலுரித்துத் தோலுரித்து வளரும் புழுக்கள் முதல் மூன்று பருவங்களில் ஒன்றையொன்று ஒட்டியே மேயும், கூட்டத்தைப் பிரிக்கக் கூடாது. நான்காம் பருவத்தில் தாமாகவே விலகிப் போகின்றன. அப்போது பையை அவிழ்த்து மரம் முழுவதையும் அவற்றுக்கே விட்டுவிட்டேன். கறுப்பு உடம்பில் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள், குட்டை முட்கள். எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

முற்றிய புழுவைத் தின்னக் கேட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். குடலைப் பிதுக்கி, உப்பு நீரில் வேகவைத்து, வெயிலில் உலர்த்துவது இங்கத்திய வழக்கம். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒரு கிண்ணம் மனதாரக் கொடுத்தேன். மிச்சத்தை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மண்ணுக்குள் போகும் முன்பே எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டால் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்?

இந்த வாரம் ஒவ்வொன்றாகத் தண்டு வழியே இறங்கி மண்ணைத் துளைக்கின்றன. பட்டுப்பூச்சிக் குடும்பமாக இருந்தும் இது பட்டுக்கூடு கட்டாது. வெறும் மண்ணிலேயே கூட்டுப்புழு ஆகிவிடும். மரத்தடியைக் கொத்தாமல், கூட்டாமல் விட்டிருக்கிறேன்.

மார்ச் வாக்கில் இரண்டாம் தலைமுறைக்கான அந்துப்பூச்சிகள் வெளிவர வேண்டும். அவற்றுக்கு வேலை செய்யும் வாய் கிடையாது, மூன்று நான்கு நாள்தான் ஆயுள். முதலில் வரும் பெண்ணை இரவில் வலைக்கூண்டில் தொங்கவிடப் போகிறேன். அதன் வாசத்தைத் தம் இறகு போன்ற உணர்கொம்புகளால் பிடித்து, காட்டிலிருந்து ஆண் அந்துகள் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.