தண்ணீரில் நிற்கும், தண்ணீரில் முளைக்காது

திருகோணமலையின் தம்பலகாமம் குடாப் பக்கம் கண்ணா என்கிற கண்டல் மரக் காட்டைப் பார்த்து வளர்ந்த எவருக்கும், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நிற்கும் சதுப்பு சைப்ரஸ் மரத்தின் படத்தைக் காட்டினால், லூசியானாவிலும் கண்ணா நிற்கிறதா என்றுதான் கேட்கத் தோன்றும். பருத்த அடிமரம், சுற்றிக் கறுத்த தண்ணீர், அதற்கு மேலே கூம்புகூம்பாக எழும்பி நிற்கும் வேர். ஆனால் இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. சைப்ரஸ் ஊசியிலை மரம், பூப்பதே இல்லை. கலிபோர்னியாவின் ராட்சத செக்வோயாதான் அதன் சொந்தக்காரர். ஊசியிலை மரமாக இருந்தும் குளிர்காலத்துக்கு முன் இலை சிவந்து மொத்தமாகக் கொட்டிவிடும்.

உப்பாற்றில் தண்ணீர் வற்றிய நேரம், கண்ணா மரத்தடியில் பென்சில் கனத்தில் நிற்கும் வேர் ஒன்றைச் சேறு போகத் துடைத்துப் பாருங்கள், தோலில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். மரம் காற்று எடுக்கும் வாசல் அதுதான். சைப்ரஸின் ‘முழங்கால்’ கூம்புகளில் அப்படிப் புள்ளிகள் இல்லை. அவற்றை வெட்டிவிட்ட மரங்களும் நன்றாகவே நின்றிருக்கின்றன. மூச்சுக்கா, சேற்றில் சாயாமல் ஊன்றி நிற்கவா என்று இன்னும் விவாதம் நடக்கிறது.

எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் சைப்ரஸின் விதை. தண்ணீருக்கு அடியில் அது முளைக்காது. சதுப்பு வற்றி ஈரமண் வெளியே தெரிகிற காலம் வர வேண்டும், அப்புறம் அடுத்த வெள்ளம் ஏறுவதற்குள் கன்றின் தலை தண்ணீருக்கு மேலே எட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூழ்கிச் செத்துவிடும். இப்படித் தப்பிய ஒன்றுதான் வட கரோலினாவின் பிளாக் ஆற்றில் இருக்கிறது. வளையங்களை எண்ணி, குறைந்தது 2,624 வயது என்று 2019இல் வெளியிட்டார்கள்.

உப்பு மட்டும் அதற்கு ஆகாது. கண்ணா இலையை நக்கினால் கரிக்கும், உள்ளே வந்த உப்பை இலைவழியே வெளியேற்றிவிடுகிறது. சைப்ரஸுக்கு அந்த வழி இல்லை. லூசியானாவில் கால்வாய் வெட்டியும் கடல் ஏறியும் உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்த இடங்களில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போயிருக்கின்றன.

நம் ஆசியாவிலும் அதன் உறவு ஒன்று உண்டு, சீனச் சதுப்பு சைப்ரஸ். வியட்நாமின் டாக் லாக்கில் சதுப்பை வடித்துக் கோப்பி நட்டார்கள். மிஞ்சிய கிழட்டு மரங்கள் தோட்டங்களுக்கு நடுவே நிற்கின்றன, அடியில் கன்றைக் காண்பது அரிது. மனசு ஆறவே இல்லை எனக்கு.